நூடுல்ஸ் ராஜ்ஜியம் – 7: மொட்டைக் கடுதாசி

சியோல் நகரின் நாம்டேமுன் சந்தையில் ஐந்து வொன் காசுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி விற்றதை முதல் வாரம் பார்த்தோம். அமெரிக்க ராணுவ முகாம்களில் தின்று மிஞ்சியதை வாங்கிவந்து கொதிக்கவைத்த கஞ்சி. உள்ளே சிகரெட் துண்டுகூடக் கிடக்கும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குல்குரிஜுக், அதாவது பன்றிக்கஞ்சி. அதற்கும் நீளமான வரிசை.

அந்த வரிசையைப் பார்த்த இன்சூரன்ஸ்காரர் ஜியோன் ஜுங்-யுன், ஜப்பானுக்குப் போய் மியோஜோ கம்பெனியின் ஒகுயியிடம் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார். 1963 செப்டம்பர் 15 அன்று சம்யாங் ராம்யோன் என்ற நூடுல்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 100 கிராம் பாக்கெட், பத்து வொன். பெயரைக் கேட்டு ஏதோ துணிவகை என்று நினைத்தவர்கள் உண்டு. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, அரசாங்கமே ‘கோதுமை சாப்பிடுங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கியதும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

1985-இல் போட்டிக் கம்பெனியான நோங்ஷிம் வந்து முதலிடத்தைப் பறித்துக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தினோம். இரண்டாம் இடம் ஜியோனுக்கு வலித்திருக்கும். ஆனால் இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டு எத்தனையோ கம்பெனிகள் நிம்மதியாகக் காலம் தள்ளுகின்றன. சம்யாங்கும் தள்ளியிருக்கும், யாரோ ஒருவர் பேனாவை எடுக்காமல் இருந்திருந்தால்.

*

கதைக்குள் போகுமுன் உங்கள் சமையலறை அலமாரியில் இருக்கும் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எந்த பிராண்டாக இருந்தாலும் சரி. பொடி எழுத்தில் மாவுக்கு அடுத்து என்ன போட்டிருக்கிறது? பெரும்பாலும் பாமாயில்.

நூடுல்ஸ் என்றால் மாவும் மசாலாவும்தான் நம் நினைவுக்கு வரும். எண்ணெயை யாரும் நினைப்பதில்லை. ஆனால் தொழிற்சாலையில் ராஜாவே அதுதான். ஆவியில் வெந்த நூல்களை அச்சில் அடைத்து, சுமார் 150 டிகிரி சூட்டில் கொதிக்கும் எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் ஈரம் சீறிக்கொண்டு வெளியேறும். அது போன வழியெல்லாம் பொடிப்பொடித் துளைகள். பிற்பாடு நாம் வெந்நீர் ஊற்றும்போது தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. மூன்று நிமிட வித்தையின் ரகசியம் அவ்வளவுதான்.

வெளியேறிய ஈரத்தின் இடத்தில் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்கிறது. பொரித்த நூடுல்ஸின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். பாக்கெட் கடையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். பழைய முறுக்கில் அடிக்குமே ஒரு சிக்கு வாடை, அது வந்தால் சரக்கு குப்பைக்குத்தான். அதனால் சாதாரணச் சூட்டில் உறைந்தே இருக்கிற, சீக்கிரம் காறிப்போகாத கொழுப்பு ஒன்று வேண்டும்.

சம்யாங் நம்பியது மாட்டுக் கொழுப்பை. கொரிய மொழியில் ஊஜி.

நமக்கு இதைக் கேட்டதும் வேறொரு நினைவு வரும். 1983-இல் இறக்குமதி மாட்டுக் கொழுப்பை வனஸ்பதியில் கலந்தார்கள் என்று இந்தியாவே கொதித்தது. அது கலப்படமும் மதமும் சேர்ந்த பிரச்சினை. கொரியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துக் குடிக்கிற ஊர் அது. மாட்டுக் கொழுப்பில் பொரித்த ராம்யோன் என்றால் கூடுதல் ருசி, கூடுதல் சத்து. இறைச்சி அபூர்வமாகக் கிடைத்த 1960-களில் ஜனங்களின் வயிற்றுக்குள் கொஞ்சம் கொழுப்புப் போகட்டும் என்று அரசாங்கமும் அதை ஊக்கப்படுத்தியது.

இருபது வருடங்களுக்கு மேல் அந்த வாசனைதான் கொரியாவின் ராம்யோன் வாசனை. கிண்ணம் ஆறினால் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு வளையம் கட்டும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

*

1989. முந்தைய வருடம்தான் ஒலிம்பிக்ஸ் முடிந்திருந்தது. அதற்கும் முந்தைய வருடம் மாணவர்களும் ஊழியர்களும் தெருவில் இறங்கி, ராணுவ ஆட்சியை நேரடித் தேர்தலுக்குச் சம்மதிக்கவைத்திருந்தார்கள். பத்திரிகைகளின் வாய்ப்பூட்டு கழன்றிருந்தது. புதுப்புதுப் பத்திரிகைகள், புதுப்புது நுகர்வோர் சங்கங்கள். எதையும் கேட்கலாம், யாரையும் கேட்கலாம் என்ற சூடு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் லிம் சுன்-ஏ என்ற பதினேழு வயதுப் பெண் 800, 1500, 3000 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றாள். ‘ராம்யோன் சாப்பிட்டுத்தான் ஓடினேன்’ என்று அவள் சொன்னதாக நாடே உருகியது. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. பள்ளியில் பயிற்சி நேரத்துக்கு ராம்யோன் கொடுப்போம் என்று யாரோ சொன்னது, அச்சுக்குப் போகும் வழியில் கண்ணீர்க் கதையாக மாறிவிட்டது. மறுத்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

ராம்யோனைப் பற்றி ஒரு வாக்கியம் அச்சேறினால் கொரியாவில் அதை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அது ஒத்திகை மாதிரி.

1989 இலையுதிர் காலத்தில் சியோல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. நம்மூர் பாஷையில் மொட்டைக் கடுதாசி.

ராம்யோன் கம்பெனிகள் தொழிற்சாலை உபயோகத்துக்கான மாட்டுக் கொழுப்பை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, அதில் பொரித்து மக்களுக்கு ஊட்டுகின்றன என்பது அதன் சாரம்.

*

நவம்பர் 3, வெள்ளிக்கிழமை.

அரசுத் தரப்பு பகிரங்கமாக அறிவித்தது. சம்யாங் உட்பட ஐந்து நிறுவனங்கள் மீது உணவுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை. ஓட்டோகியின் பெயரும் பட்டியலில் உண்டு. கம்பெனிகளின் பொறுப்பாளர்கள் கைதானார்கள். நோங்ஷிம் பட்டியலில் இல்லை. அவர்கள் பொரித்தது பாமாயிலில்.

மறுநாள் கொரியா முழுக்க ஒரே சொல். ‘கோங்கொப்யோங்’. தொழிற்சாலை உபயோகத்துக்கானது.

இந்தச் சொல்லை ஒரு தாயின் காதால் கேட்டுப் பாருங்கள். சோப்பு. மெழுகுவத்தி. இயந்திரங்களுக்குப் போடும் கிரீஸ். நேற்று ராத்திரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு முட்டை உடைத்து ஊற்றிக் கொடுத்தது அதிலா?

பாக்கெட்டுகள் கடைக்குத் திரும்பின. கடைகளிலிருந்து லாரி லாரியாகத் தொழிற்சாலைக்குத் திரும்பின. புறக்கணியுங்கள் என்று நுகர்வோர் சங்கங்கள் அழைத்தன. ஆறே நாளில், நவம்பர் 9-ஆம் தேதி, பெர்லின் சுவர் திறந்தது. நடுவில் முள்வேலி போட்டுப் பிரிந்து கிடக்கிற தேசத்துக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய சேதி இருந்திருக்க முடியாது. அப்படியும் அடுப்பங்கரைப் பேச்சு ஊஜியை விட்டு நகரவில்லை.

கொரியர்கள் இன்றைக்கும் அதை ‘ஊஜி கொந்தளிப்பு’ என்றுதான் சொல்கிறார்கள்.

*

அந்தக் கடுதாசி சொன்னது பொய்யா? நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பைத் தரம் பிரித்து விற்பார்கள். நிறம், அமிலத் தன்மை, எந்தப் பாகத்திலிருந்து உருக்கியது என்பதையெல்லாம் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். மேல்தட்டில் இருப்பது மட்டும் ‘உண்ணத் தக்கது’. மற்றவை சோப்புக்கும் தீவனத்துக்கும் போகும். சம்யாங் வாங்கியது அந்த மேல்தட்டுக்கு அடுத்த படிகளில் இருந்த சரக்கு. அமெரிக்கப் பட்டியலின்படி அது உண்ணத் தக்கது அல்ல. இதுவரை கடுதாசி சரி.

ஆனால் பட்டியல் எழுதியவர்கள் யார்? குடலையும் எலும்பையும் தட்டில் வைத்துப் பழக்கமில்லாதவர்கள். அந்தப் பாகங்களிலிருந்து வரும் கொழுப்பு அவர்களுக்கு இயல்பாகவே ‘உண்ணாதது’. கொரியாவில் மாட்டுக்குடலைக் கரி அடுப்பில் வாட்டிச் சாப்பிடுவதற்கென்றே தெருக்கள் இருக்கின்றன. போட்டி வறுவலுக்கும் ஆட்டுக்கால் சூப்புக்கும் மதுரையில் ராத்திரி பத்து மணிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஊரின் கழிவு இன்னொரு ஊரின் விருந்து.

இரண்டாவது விஷயம். வந்து இறங்கிய கொழுப்பை அப்படியே கொப்பரையில் கொட்டவில்லை. சுத்திகரித்தார்கள். அமிலம் நீக்கி, நிறம் நீக்கி, வாடை நீக்கி. நாம் கடையில் வாங்கும் எந்த ‘ரீஃபைண்ட்’ எண்ணெயும் ஆலைக்குள் நுழையும்போது குடிக்கிற மாதிரி இருப்பதில்லை. கடைசியில் வெளியே வந்தது எப்படி இருந்தது என்பதைத்தானே பார்க்க வேண்டும்?

மூன்றாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது விலை. அந்தக் கொழுப்பு பாமாயிலைவிட விலை கூடுதல். காசு மிச்சம் பிடிக்க விஷம் வைத்தார்கள் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

கம்பெனி மேல் கேள்வியே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். எந்தத் தரம் வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்று இருபது வருடத்தில் ஒருநாளாவது பாக்கெட் மேல் போட்டுச் சொல்லியிருக்கலாம். அரசாங்கமும் இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று தெளிவாக ஒரு கோடு கிழித்திருக்கலாம். இரண்டு பேரும் செய்யவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘தொழிற்சாலை உபயோகம்’ என்ற சொல் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

*

நவம்பர் 16. பதின்மூன்று நாள் கழித்து சுகாதார அமைச்சர் கிம் ஜோங்-இன் முடிவை அறிவித்தார். அந்த ராம்யோன்களால் உடலுக்குத் தீங்கு இல்லை.

ஒரே அரசாங்கம். ஒரு கை சிறையில் போடுகிறது, இன்னொரு கை சாப்பிடலாம் என்கிறது. எதை நம்புவது?

மக்கள் முதலில் கேட்டதை நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘தீங்கு இல்லை’ என்பது மருத்துவர் சொல்கிற வார்த்தை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது பசியைத் தூண்டாது.

நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது. 2015 ஜூன் மாதம் மேகியைத் தமிழ்நாடு அரசு மூன்று மாதத்துக்குத் தடை செய்தது நினைவிருக்கும். மத்திய அரசு அமைப்பும் தடை உத்தரவு போட, நாடு முழுக்க அலமாரிகள் காலியாயின. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த மத்திய உத்தரவை ரத்து செய்து, மறுபடி பரிசோதிக்கச் சொன்னது. நவம்பர் 9 அன்று மேகி கடைக்குத் திரும்பிவிட்டது. ஐந்து மாதம். அதற்குள் ‘எப்போது வரும்’ என்று ஏங்கியவர்களையும் நாம் பார்த்தோம்.

சம்யாங்குக்கு அந்த ஐந்து மாதம் கிடைக்கவில்லை. அதன் வழக்கு இழுத்த காலம் ஏறத்தாழ எட்டு வருடம். மேகி இல்லாத ஐந்து மாதத்தில் அந்த நாற்காலியில் உட்காரத் தோதான ஆள் இங்கே இல்லை. கொரியாவில் நோங்ஷிம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, கையில் தன் ஷின் ராம்யோனோடு, பாமாயிலோடு.

*

அந்த எட்டு வருடத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தேய்மானத்தில் நாடகம் கிடையாது.

திரும்பி வந்த சரக்கை அழித்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையைவிட்டுப் போனார்கள். சம்யாங்கும் பாமாயிலுக்கு மாறியது. மற்றவர்களும் மாறினார்கள். கொரிய ராம்யோனிலிருந்து அந்தப் பழைய வாசனை மொத்தமாகப் போய்விட்டது. ‘அந்தக் காலத்து ருசி இப்போ இல்லை’ என்று அங்கே கிழவர்கள் சொன்னால் ஞாபகக் கோளாறு என்று சிரிக்க வேண்டாம். ருசி நிஜமாகவே மாறிப்போனது.

கீழ் நீதிமன்றத்தில் கம்பெனி தோற்றது. மேல்முறையீடு போனது. நிபுணர்கள் வந்தார்கள், அறிக்கைகள் வந்தன, வாய்தாக்கள் வந்தன. 1995-இல் சியோல் உயர் நீதிமன்றம் குற்றம் இல்லை என்றது. அரசுத் தரப்பு விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியது.

இதற்கிடையில் ஜியோன் என்ன செய்தார்? ஏற்கெனவே அவர் 1972-லேயே காங்வொன் மலைமேல் சுமார் 2000 ஹெக்டேரில் மாட்டுப் பண்ணை ஒன்று தொடங்கியிருந்தார். காற்று ஊளையிடும் புல்வெளி. ஜனங்களுக்குப் பாலும் இறைச்சியும் வேண்டும் என்று காட்டு மலையைப் பசும்புல்லாக்கிய மனிதர் மீது மாட்டுக் கொழுப்பின் பெயரால் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு முரணை நாவலாசிரியர் எழுதினால் ‘ரொம்ப ஜோடனை’ என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

*

1997 ஆகஸ்ட் 26.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. குற்றம் இல்லை. முடிந்தது.

1989-இல் ‘தொழிற்சாலைக் கொழுப்பு’ என்ற தலைப்பைப் படித்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கை பழக்கத்தில் நீள்வது சிவப்பு நிற ஷின் பாக்கெட்டை நோக்கி. கடைக்காரரும் பழக்கத்தில் அதைத்தான் கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்குகிறார். நீதிபதியின் கையெழுத்தால் அந்தத் தட்டை மாற்றி அடுக்க முடியுமா?

ஜியோனுக்கு அப்போது வயது 78. அவர் கையில் இருந்தது ஒரு தீர்ப்பு நகலும் ஒரு கடன் பட்டியலும்.

மூச்சு விடக்கூட நேரம் கிடைக்கவில்லை. மூன்று மாதம் முடியுமுன், நவம்பர் 21 அன்று, கொரிய அரசாங்கமே பன்னாட்டு நிதியத்திடம் கைநீட்டியது. டாலர் பறந்தது. வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன. தெம்பாக இருந்த கம்பெனிகளே மடங்கி விழுந்த நேரம். எட்டு வருடம் படுக்கையில் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த கம்பெனி என்ன செய்யும்? 1998-இன் தொடக்கத்தில் சம்யாங் கடன்காரர்களோடு சமரசம் கேட்டு நீதிமன்றத்தின் படியேறியது. குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அந்த வருடம்தான் கம்பெனிக்குள் ஒரு புது ஆள் வந்தார். சமூக நலம் படித்தவர். அதுவரை இல்லத்தரசி. ராம்யோன் தொழிற்சாலையில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. பெயர் கிம் ஜுங்-சூ. ஜியோனின் மூத்த மருமகள்.

கடன், பழைய பழி, காலியான தட்டு. மூன்றுக்கும் நடுவே ஒரு மேஜையைக் காட்டி மாமனார் உட்காரச் சொல்கிறார். அங்கிருந்து அந்த மருமகள் என்னதான் பார்த்தார்?

(தொடரும்)